அக்கம்பக்கத்தார் கருத்து

ஜோதிலட்சுமி திருடியது ஒன்றே கால் கிலோ ஏலக்காய். போடியில் ஏலக்காய் மூட்டைகள் வைக்கும் ஒரு கிட்டங்கியில் அவளுக்குக் காய் பொறுக்கும் வேலை. நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று பிரிப்பார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது வாசலில் ஒரு பெண் எல்லோருடைய சேலையையும் உதறிப் பார்ப்பாள். அன்றைக்கு அவள் கை, ஜோதிலட்சுமியின் பாவாடைக்கு உள்பக்கம் தைத்திருந்த பையில் பட்டுவிட்டது. முதலாளி போலீசுக்குப் போனார். கோர்ட்டில் அவள் ஒத்துக்கொண்டாள். முதல் குற்றம், வயது முப்பத்தொன்று, ஒன்பது வயதில் ஒரு மகள். தண்டனை கொடுப்பதற்கு முன் அவளைப் பற்றி விசாரித்து அறிக்கை அனுப்பும்படி மாஜிஸ்திரேட் எனக்கு எழுதினார்.

நான் நன்னடத்தை அலுவலர். சிறைக்குப் போக வேண்டியவர்களில் சிலரை அங்கே அனுப்பாமல் வீட்டிலேயே இருக்கவைத்துக் கண்காணிப்பது என் வேலை. தங்க ஒரு வீடு, ஜாமீன் நிற்க ஒரு ஆள், கெட்ட சகவாசம் கிடையாது என்று சொல்ல நாலு பேர் இருந்தால் நான் நல்லவிதமாக எழுதுவேன். கோர்ட் பிணையில் விட்டுவிடும். பிணைக் காலம் முடியும்வரை அவர்கள் என் பொறுப்பு. இதில் நான் கெட்டிக்காரி. பதினொரு வருடத்தில் என்னிடம் இருந்த ஒருவர்கூட நிபந்தனையை மீறிச் சிறைக்குப் போனதில்லை. வருடத்துக்கு ஒருமுறை மதுரையில் நடக்கும் கூட்டத்தில், "சுபாஸ்ரீ மேடம், கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்பார்கள். எழுந்து நிற்பேன்.

அல்லிநகரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே பஸ் ஏறி, சின்னமனூரில் இறங்கி, மினி பஸ்ஸில் மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். கையில் விசாரணைப் படிவம். அதில் பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது: "நடத்தை குறித்து அக்கம்பக்கத்தார் கருத்து."

விசாரிக்கும்போது வழக்கு என்ன என்று நான் வெளியே சொல்லக் கூடாது. அறிக்கை ரகசியம். சட்டத்தில் ஏழாவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஒருவர் செய்த தப்பு தெருவுக்குத் தெரிந்துவிட்டால் அவர் அங்கே மறுபடி தலைநிமிர்ந்து வாழ முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜோதிலட்சுமியின் வீட்டில் இந்தக் கேஸை வெளியே விடவில்லை. இடுப்பு வலியால் வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவள் கணவன் வேல்பாண்டிக்கும் மாமியார் கருத்தம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் சுயம்புலிங்கம் பொரிகடலை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வேல்பாண்டி சம்சாரம் ஜோதிலட்சுமி, தெரியுங்களா?"

"தெரியாம என்ன? நாலாவது வீடு. அவன் லாரியில போறவன். ஆமா, நீங்க யாரு?"

அடையாள அட்டையைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். "நன்னடத்தை அலுவலர்."

"அவங்க நடத்தை எப்படிங்க?"

தராசுத் தட்டு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். நாலாவது வீட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த மாதிரி எதுவும் நான் கேள்விப்பட்டதில்ல மேடம்."

அந்த மாதிரி. நான் எந்த மாதிரியும் கேட்கவில்லை. ஆனால் படிவத்தில் எழுதவேண்டிய பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. நடத்தை நல்லது என்கிறார் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வீட்டில் ரஹ்மத். ஜாக்கெட் தைப்பவர். மிஷினை நிறுத்தாமலே பேசினார்.

"நடத்தையா? எனக்கென்ன தெரியும் மேடம். காலையில போவா, பொழுதுசாய வருவா. பஸ்ஸுல யாரு பக்கத்துல உக்காந்து வாராகன்னு நாம என்ன கண்டோம்? இந்த மிஷின் சத்தத்துல எங் காதுல ஒண்ணும் விழுகாது. நான் எதுவும் சொன்னேன்னு எழுதிராதீக."

மூன்றாவது வீட்டுக்கு நான் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. வாசலில் நின்ற பெரியவர் நான் கேட்பதற்கு முன்பே கேட்டார்.

"யாரு மேடம் அந்த ஆளு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோர்ட்டில் நடத்தை என்றால் குடி, சண்டை, திருட்டு, பொய். தெருவில், ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டால், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். இது எனக்குத் தெரியாததா? என் கல்யாணத்துக்கு முன்னால் என் கணவருடைய சித்தப்பா மதுரையில் நான் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போய் வார்டனிடம் இதே கேள்வியை இதே சொல்லில் கேட்டார். "எட்டு மணிக்கு முன்னால உள்ள வந்துரும்" என்று வார்டன் சொன்னதால் எனக்குக் கல்யாணம் ஆனது. வார்டன் அன்றைக்கு வேறு மாதிரிச் சிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் படுத்தபடி நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்படி இருந்தும் கேட்டேன். ஆண்களைப் பற்றி விசாரிக்கும்போது நான் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை, "ஆளு எப்படி?" என்றுதான் கேட்பேன் என்பதும் அந்த வாசலில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது. பெண்கள் என்னிடம் அதிகம் வருவதில்லை. வந்தபோது படிவத்தில் உள்ளதை அப்படியே வாசித்துவிட்டேன்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்றேன் பெரியவரிடம். யாரும் இல்லை என்று நான் சொன்னதைக் கேட்டு அவர் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டார்.

அறிக்கை நன்றாக இருந்தது. இரண்டு வருடப் பிணையில் அவளை விட்டார்கள். நிபந்தனைகள் மூன்று. மார்க்கையன்கோட்டையில் கருத்தம்மாளின் வீட்டிலேயே தங்க வேண்டும். அனுமதி இல்லாமல் தேனி மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது. மாதம் ஒருமுறை என் முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வீடு கருத்தம்மாளின் பெயரில் இருந்ததால் அவளே ஜாமீன் நின்றாள்.

கோர்ட் வாசலில் ஜோதிலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கறுத்த, ஒடிசலான பெண். விரல் நகங்களுக்குள் இன்னும் பச்சை இருந்தது. "ஜெயிலுக்கு அனுப்பாமக் காப்பாத்துனீக மேடம்" என்றாள். எதற்காகத் திருடினாள் என்று விசாரணையின்போது மூன்று முறை கேட்டிருந்தேன். "கையில இருந்துச்சு, எடுத்தேன்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. படிவத்தில் காரணம் என்ற இடத்தில் வறுமை என்று நானாக எழுதியிருந்தேன்.

"ஒழுங்கா இரு" என்றேன். அதுவரை அவளை நீங்க என்றுதான் சொல்லிவந்தேன்.

கருத்தம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு என் போன் நம்பரைக் கொடுத்தேன். "ஜாமீன் நிக்கிறவங்கன்னா சும்மா இல்ல. வித்தியாசமா எதுவும் தெரிஞ்சா எனக்குச் சொல்லணும்."

"வித்தியாசமான்னா?"

"வழக்கத்துக்கு மாறா."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி அவளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பக் கற்றுக்கொடுத்தாள். மூன்றாம் நாள் முதல் பதிவு வந்தது.

"மேடம், கருத்தம்மா பேசுறேன். இன்னைக்கு ரேசன் கடைக்குப் பத்து மணிக்குப் போனா. வந்தது பன்னெண்டு. கூட்டமுங்கிறா. கூட்டம் இல்லேன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. நான் ஒண்ணும் கேக்கல. உங்க காதுல போட்டு வைக்கிறேன்."

தினமும் வர ஆரம்பித்தது. பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். குளிக்க எவ்வளவு நேரம் ஆகிறது. தலைக்குப் பூ வைத்தாளா. போனில் சிரித்தாளா. இதெல்லாம் என் வேலைக்குத் தேவை இல்லை, நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையில், ஒரு நாள் பதிவு வராவிட்டால் எனக்கு என்னவோ குறைந்தது போல இருந்தது. ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது, அவர்கள் அறியாமல், என் காதுக்குள் வந்து விழுவதில் ஒரு சுகம் இருந்தது. வேலை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

கருத்தம்மாளின் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சின்னக் குரல் சத்தமாகப் பாடம் வாசித்துக்கொண்டிருக்கும். பேத்தி. ஜூன் மாதம் ஒரு நாள் அந்தக் குரல் இல்லை. மறுநாளும் இல்லை. அடுத்த வாரம் கருத்தம்மாளே சொன்னாள்.

"பேத்தியை வைகை அணையில எம் மக வீட்டுல விட்டாச்சு மேடம். அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டான் வேல்பாண்டி. பொம்பளப் பிள்ளை. இதையெல்லாம் பாத்து வளரக் கூடாதுல்ல."

எதையெல்லாம் என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதம் கையெழுத்துப் போட வந்தபோது ஜோதிலட்சுமி நாற்காலியில் உட்காரவில்லை. பேனாவை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

"மேடம், ஒரு உதவி வேணும். நீங்க எங்க தெருவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"நான் திருடின்னு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எம் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாக மேடம். அவரு எங்கூடப் பேசி நாப்பது நாளாச்சு. சோத்தை வச்சா தட்டை அவுக அம்மா பக்கமாத் தள்ளுறாரு. டீக்கடையில எவனோ, 'ஒம் பொண்டாட்டி நடத்தையப் பாக்க கவர்மெண்டே ஆளு போட்ருக்குடா'ன்னு கேட்ருக்கான்."

"திருட்டு கேஸ்னு உன் புருஷனுக்குத்தான் தெரியுமே?"

"தெரியும். 'திருட்டுக்கு ஏன்டி நடத்தைய விசாரிச்சாக?'ங்கிறாரு. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"தெருவில நீயே சொல்லலாமில்ல?"

"சொன்னேன் மேடம். வீடு வீடாப் போயிச் சொன்னேன், நான் திருடி, ஏலக்காயத் திருடுனேன்னு. ரஹ்மத்தக்கா சிரிக்கிறாக. 'ஏலக்காய்க்கெல்லாமா கேசு போடுவாக? எங்க வீட்டு டப்பாவுல இருக்கதும் நீ குடுத்ததுதேன். திருட்டுன்னா போலீசுல்ல வரும். பெரிசா என்னத்தையோ மறைக்க சின்னதைச் சொல்றே'ங்கிறாக."

"ஆர்டர் காப்பி இருக்கே, அதைக் காட்டு."

அவள் மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் மேஜையில் விரித்தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. குற்றம் என்ற இடத்தில் பிரிவு எண் மட்டும்தான் இருந்தது. திருட்டு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. தலைப்பில் பெரிய எழுத்தில் நன்னடத்தைப் பிணை. கீழே, "இரண்டு ஆண்டு காலத்துக்கு நன்னடத்தையுடன் இருப்பதாக உறுதி கூறி."

"கடைக்காரரு இதைத்தேன் எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுனாரு" என்றாள்.

ஏழாவது பிரிவைப் பற்றிச் சொன்னேன். நான் வாயைத் திறந்தால் என்மேல் நடவடிக்கை எடுப்பார்கள் என்று சொன்னேன். "அது உன்னைக் காப்பாத்தறதுக்காக வச்ச சட்டம்."

"காப்பாத்துனது போதும் மேடம்." சத்தம் போடவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் இன்னும் ஒரு கரண்டி பரிமாறுகிற ஒருத்தியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "திருடின்னா ஒரு வருசம் பேசுவாக. பெறகு மறந்துருவாக. எங்க தெருவுல ஆட்டைத் திருடுனவன் வார்டு மெம்பரா இருக்கான். இது அப்படியில்ல. எம் பொண்ணு தலை வரைக்கும் வரும். ஒரு வார்த்தை மேடம். ஏலக்காய்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க."

அவளை அனுப்பிவிட்டு அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்த வாரமே மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மினி பஸ்ஸில் அதை வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

சுயம்புலிங்கத்தின் கடையில் இரண்டு பேர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க மேடம். இப்பவும் நடத்தைதானா?" என்றார் சுயம்புலிங்கம். பீடிக்காரர்களில் ஒருவன் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

"இது நீங்க நினைக்கிற விஷயம் இல்லீங்க."

"சரி. அப்ப என்ன விஷயம் மேடம்?"

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஏலக்காய். ஐந்து எழுத்து. நாக்கு நுனிவரை வந்தது. இவர்களில் எவனாவது போனில் பதிவு செய்தால், எவளோ ஒரு வக்கீல் அதைக் கையில் எடுத்தால், என் பதினொரு வருடம் என்ன ஆகும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் இருந்தது அதுமட்டும் அல்ல. மூன்று ஆண்கள் ஒரு பெண்ணைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வார்டன் இடத்தில் நான் இருந்தேன். நான் எப்படிச் சிரிக்கிறேனோ அப்படித்தான் அவள். அந்த இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றுகொண்டேன்.

"அதைச் சொல்ல முடியாது" என்றேன்.

சுயம்புலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "புரியுது மேடம். பொம்பள வெவகாரம். நாங்க கேக்கல."

நாலாவது வீட்டுக்குப் போகாமலே திரும்பிவிட்டேன். ஆனால் கடைக்கு நான் வந்து போனது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நாலு நாள் கழித்துப் பகல் பதினொரு மணிக்கு போன் வந்தது. பின்னால் ஒரே வண்டிச் சத்தம்.

"மேடம், நான் குமுளியில நிக்கிறேன். செக்போஸ்ட்டுக்கு அங்கிட்டு. கேரளாவுல."

"யாரைக் கேட்டுப் போனே?"

"யாரையும் கேக்கல. அதுக்குத்தேன் வந்தேன். எழுதிக்கங்க, மாவட்டத்தை விட்டுப் போயிட்டான்னு. வாரண்டு போடுவாகள்ல? போலீசு தெருவுக்கு வரும்ல? ஏட்டு வாசல்ல நின்னு என்ன கேசுன்னு சத்தமாச் சொல்லுவாருல்ல?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "ஜோதி, உனக்குப் பைத்தியமா? உள்ளே போட்டுடுவாங்க."

"போடட்டும். மூணு மாசமோ ஆறு மாசமோ இருந்துட்டு வாரேன். எம் பொண்ணு திருடி மகளா இருந்துட்டுப் போகட்டும் மேடம். அதுக்கு மாப்பிள்ளை கிடைக்கும்."

யாரோ ஒரு மலையாளி, "சேச்சி, ஒண்ணு மாறி நில்லு" என்று அவளைத் தள்ளி நிற்கச் சொல்வது கேட்டது. நேந்திரங்காய் வறுக்கும் கடை வாசலில் நிற்கிறாள்போல. எண்ணெய் கொதிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிரு. நான் எதையும் கேட்கலை."

"எழுதுவீகளா, மாட்டீகளா?"

கோர்ட்டுக்கு இரண்டு வரி எழுதினால் போதும். கம்ப்யூட்டர் என் முன்னால்தான் இருந்தது. நிபந்தனை மீறல் என்று தட்டவும் செய்தேன். அந்த இரண்டு வார்த்தையைப் பதினொரு வருடத்தில் நான் எழுதியதில்லை. எழுதினால் மாஜிஸ்திரேட் அவளைக் கூப்பிட்டு ஏன் போனாய் என்று கேட்பார். அவள் சொல்லுவாள். தெருவில் நான் என்ன கேட்டேன் என்பது கோர்ட்டில் பதிவாகும்.

"எழுதறேன்" என்றேன்.

"அப்பச் சரி. பிடிக்க வர்ற வரைக்கும் இங்கனதேன் நிப்பேன்."

போனை வைத்துவிட்டு, தட்டிய இரண்டு வார்த்தையை அழித்தேன். பசி எடுத்தால் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

அவள் போகவில்லை. கடைசி பஸ் போகும்வரை செக்போஸ்ட்டைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். ராத்திரியை எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டில் கழித்திருக்கிறாள். காலையில் கருத்தம்மாளின் பதிவு வந்தது. வழக்கமாக மூச்சுவிடாமல் பேசுகிறவள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"மேடம். நேத்து காலையில போனவ. ராத்திரி வீடு தங்கல. இப்பத்தேன் வாரா. கலைஞ்ச தலையும் கசங்குன சேலையுமா தெருவே பாக்க நடந்து வாரா. குமுளிக்குப் போனேங்கிறா. எதுக்குடீன்னா, உங்களுக்குத் தெரியுமுங்கிறா. இந்தா, வேல்பாண்டி கதவைச் சாத்திட்டான். இப்ப நீங்களே சொல்லுங்க மேடம். நடத்தை எப்படி?"

அந்தக் கேள்வியை அவள் என் குரலிலேயே கேட்டாள். படிவத்தில் இருப்பதுபோல, அலுவலகத் தமிழில்.

பதிவை இரண்டு தடவை கேட்டேன். எனக்குத் தெரியும் என்று ஒரு வரி பதில் போட்டிருந்தால் கதவு திறந்திருக்கலாம். அவள் மாவட்டத்தைத் தாண்டியது எனக்குத் தெரியும், தெரிந்தும் கோர்ட்டுக்கு எழுதவில்லை என்று அதற்கு அர்த்தம் ஆகும். நான் கேட்டுவிட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கருத்தம்மாளின் போனில் இரண்டு நீலக் குறிகள் விழுந்திருக்கும். அவளுக்கு அதுவே பதிலாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பதிவு எதுவும் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் அறிக்கைக்காக ஆகஸ்டில் போனேன். வேல்பாண்டி வாசலில் லாரித் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"ஜோதிலட்சுமி இல்லியா?"

"அந்தா." வீட்டை ஒட்டி இறக்கியிருந்த மாட்டுக் கொட்டத்தைத் தாடையால் காட்டினான். "ரெண்டு வருசம் இந்த வீட்டுலதேன் இருக்கணுமின்னு கோர்ட்டு சொல்லிருச்சுல்ல. எங்காத்தாவும் கைநாட்டு வச்சுத் தொலைச்சிருச்சு. வெளிய அனுப்புனா ஜாமீன் நின்னதுக்கு அதைப் பிடிப்பாக. அதான் இருக்கா. வீட்டுக்குள்ள விட முடியாது. கொட்டமும் வீட்டு நம்பருக்குள்ளதேன் வருது, விசாரிச்சுட்டேன்."

கொட்டத்தில் மாடு ஒரு பக்கம், ஒரு சாக்குப் படுதாவுக்கு இந்தப் பக்கம் அவள். கயிற்றில் இரண்டு சேலை. சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் வாளியை ஓரமாக வைத்தாள்.

"உனக்கு வேற யாரும் இல்லியா? அம்மா வீடு?"

"அண்ணன் மட்டுந்தேன். ஆனக்கரையில தோட்ட வேலை. அது கேரளா." அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. "நான் அங்கிட்டுப் போகணுமின்னா நீங்க கோர்ட்டுக்கு எழுதணும். காரணம் கேப்பாக."

"கேப்பாங்க" என்றேன்.

"எழுத மாட்டீக."

படிவத்தை எடுத்தேன். வசிக்கும் இடம், உடல்நிலை, மதுப்பழக்கம், சகவாசம். ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்பதாவது வந்ததும் நிறுத்தினேன். என் விரல் எந்த வரியில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அதையும் போயிக் கேட்டு எழுதிக்கங்க மேடம். இப்பக் கேட்டா யாரும் யோசிக்க மாட்டாக. டக்குன்னு சொல்லிருவாக."

கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். பேனாவை வாங்குவதற்கு முன் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டாள். நகங்களுக்குள் இருந்த பச்சை போய்விட்டிருந்தது. பொறுமையாக, ஒரு எழுத்துக்கூட விடாமல் பெயரை எழுதினாள்.

"இன்னும் எத்தனை மாசம் மேடம்?"

"பத்தொன்பது."

"பாப்பாவைப் பாக்க அணைக்குப் போலாமா? அது நம்ம மாவட்டந்தானே?"

"மாவட்டத்துக்குள்ள தாராளமாப் போகலாம்."

"ரெண்டு தடவை போனேன். கதவைத் தெறக்கல" என்றாள். வாளியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது சுயம்புலிங்கம் கடைக்கு வெளியே ஸ்டூலை எடுத்துப் போட்டார். "உக்காருங்க மேடம். சர்பத் போடவா?" வெயில் அதிகம். உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பேசிக்கொண்டிருந்தார். எந்த ஊர்க்காரன், எந்த பஸ்ஸில், எந்த லாட்ஜில் என்பதுவரை இப்போது அவரிடம் விவரம் இருந்தது. சர்பத்தைக் குடித்து முடிக்கும்வரை கேட்டேன்.

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது, மடியில் வைத்தே அறிக்கையை எழுதி முடித்தேன். குறிப்பிட்ட முகவரியிலேயே தொடர்ந்து வசித்து வருகிறார். நிபந்தனைகள் எதையும் மீறவில்லை. ஒன்பதாவதில், நடத்தை திருப்திகரம் என்று எழுதினேன். எழுதிய பிறகு அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். தேனி பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது.